மாமியார் முதுகைக் காட்டினாள்

எனக்கு இரண்டு மாமியார். ஒருவர் வீட்டில், அவரோடு ஒரு வம்பும் இல்லை. இன்னொருத்தி உயிரியல் பூங்காவில், கம்பிவலைக்குப் பின்னால். அவள்தான் என்னைப் படுத்தி எடுத்தாள்.

குரங்குப் பகுதியில் எனக்குப் பராமரிப்பு வேலை. சேர்ந்த நாளிலிருந்து அந்த உராங்குட்டானுக்குச் சாப்பாடு என் கையால்தான். கூண்டைக் கழுவி முடித்தால் விரலால் தரையைத் தடவி, முகத்தைச் சுளிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அவள் இனமே உலகத்தில் அருகிவருகிறது. போன முறை குட்டி வயிற்றிலேயே இறந்துபோனது. இப்போது மறுபடி கர்ப்பம். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். மயக்க ஊசி போட்டால் குட்டிக்கு ஆபத்து. அதனால் வலையில் வயிற்றை ஒட்டி நிற்க அவளைப் பழக்கியிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து நான் கல்யாணம் செய்துகொண்டேன். அதுவும் யாரை? இங்கே ஊசி போடும் டாக்டரை! அவரைக் கண்டாலே கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் மாமியார். விடுப்பு முடிந்து நாங்கள் கைகோத்து வந்ததைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பப்பாளியை நீட்டினேன், திரும்பவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ எதிர்க்கட்சில சேந்துட்டல்ல," என்று டாக்டர் சிரித்தார்.

"நல்லா சிரிங்க. நாளைக்கு ஸ்கேனப்பவும் இப்படியே இருந்தா மயக்க ஊசிதான். உங்க கையாலதான் போடணும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ஸ்கேன் கருவியோடு வந்தார். கூண்டின் முன் நின்று பையைத் துழாவினேன்.

"என் சாப்பாட்டு டப்பா எங்க?"

"ஐயோ, வீட்லயே வச்சுட்டேன்மா."

"ஊசிய மட்டும் ஒருநாளும் மறக்க மாட்டீங்களே!"

பிடி பிடியென்று பிடித்தேன். டாக்டர் தலையைக் குனிந்தார். மாமியார் மெல்லத் திரும்பினாள். எழுந்து வந்தாள். ஒரு விரலை வெளியே விட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை வலையில் ஒட்டினாள்.

"நிறுத்தாத, திட்டிட்டே இரு," என்று கிசுகிசுத்தபடி டாக்டர் கருவியை எடுத்தார்.

ஒரு கையால் பப்பாளியை ஊட்டிக்கொண்டே திட்டினேன். டப்பாவில் ஆரம்பித்து, ஈரத் துண்டு, குறட்டை, அவருடைய அக்கா வரைக்கும் போய்விட்டேன். அப்போது திரையில் சின்னதாக ஏதோ துடித்தது. நின்றது என்று நினைத்தேன். இல்லை, துடித்துக்கொண்டேதான் இருந்தது.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மாமியார் அவரையே பார்த்தாள். பிறகு பாதி மென்ற பப்பாளியை வாயிலிருந்து எடுத்து வலை வழியாக நீட்டினாள். எனக்கில்லை, அவருக்கு.

"வாங்கிக்கங்க. மாப்பிள்ளை விருந்து," என்றேன்.

அவர் வாங்கிக்கொண்டார். அலுவலகம் போய்ச் சேரும்வரை அந்தக் கையைத் திறக்கவே இல்லை.