கொல்லையில் ஒரு கூழைக்கடா

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம், வாத்தியார் சவரிநாதன் ஊசுட்டேரிக் கரையில் இறக்கை அடிபட்டுக் கிடந்த கூழைக்கடா ஒன்றை முத்தியால்பேட்டை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் மனைவி அமலோற்பவத்துக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவளிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனிதர், பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொல்லைக்கு ஓடி, "ராசாத்தி, பசிக்குதா?" என்று பறவைக்கு மீன் ஊட்டினார். அவளுக்கு வயிறு எரிந்தது.

இறக்கை தேறியதும், ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பறவையைக் கோணியில் சுற்றிக் குதிரை வண்டியில் ஏரிக்குக் கொண்டுபோனாள். கரையில் அவிழ்த்துவிட்டு, "போடி!" என்று விரட்டினாள். அது தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடி, எழும்பி, தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

சாயங்காலம், வெறுங்கொல்லையில் திகைத்து நின்றவரிடம், "நான்தான் ஏரியில விட்டுட்டேன்" என்றாள், திட்டு வாங்கத் தயாராக.

"பறந்துச்சா?"

"பறந்துச்சுங்க."

அவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எப்படிப் பறந்துச்சு? எல்லாத்தையும் சொல்லு."

இருட்டும்வரை அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் பறவைக்குத்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு மறுபடி எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நடக்காததையும் கொஞ்சம் சேர்த்தே சொன்னாள்.