கடைசிக் குழாயில் மஞ்சள் வரவில்லை

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதில்லை. பேரூராட்சிக் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். குடிதண்ணீருக்குக் குளோரினா, புறஊதா விளக்கா? பழைய தொட்டி ஆபரேட்டர் செல்லமுத்துவின் அபிப்பிராயம். முப்பத்தொரு வருஷம் மேல்தொட்டியில் ஏறிப் பிளீச்சிங் பவுடர் போட்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் சுகுணா வந்துவிட்டாள். அபிப்பிராயத்துக்குள் ஆள் வரக்கூடாது. வந்தால் அது கதை.

ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன். கீரமங்கலத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கமும் இல்லை.

2

முதல் ஆரம்பம்: "உயிர்களுக்கெல்லாம் ஆதாரமான தண்ணீர்" அடித்துவிட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிற வரி இது.

இரண்டாவது: "தொட்டியிலிருந்து கடைசித் தெருவுக்கு ஒன்றரை கிலோமீட்டர்." இது இருக்கட்டும். சைக்கிளில் அளந்தது.

அந்தத் தெருவின் கடைசி வீடு செவந்தியுடையது. எனக்கு மகள் முறை. அவள் மகள் சுகுணா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். எட்டு மாசம். சித்திரையில் அதே தெருவில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. (பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வந்தால் என்ன ஆகும் என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள். அதை எழுதினேன். பிறகு தாளையே கிழித்துவிட்டேன்.)

3

கேட்ட அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பவுடர் போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாடை அடிக்கும். கூடினால் தொண்டை கரகரக்கும். ஓடு கெட்டியான சில கிருமிகள் அதற்குச் சாகாது. ஆனால் மருந்து தண்ணீரோடு கூடவே போகும்.

லைட்டுக்கு வாடை கிடையாது, காத்திருக்க வேண்டாம், அந்தக் கெட்டி ஓட்டுக் கிருமியும் தப்பாது. ஆனால் கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் பாயாது. எங்கள் ஊர் உப்பு, விளக்கின் கண்ணாடிமேல் வெள்ளையாய்ப் படியும், துடைக்க வேண்டும். கரண்டு போனால் லைட்டும் போச்சு. லைட்டைத் தாண்டி வந்த தண்ணீருக்கு அப்புறம் துணை யாருமில்லை.*

* இதெல்லாம் எனக்கு ஃபிரெடி சொன்னது. நான் நம்பாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் படித்திருக்கலாம்.

4

ஃபிரெடி இப்போதைய ஆபரேட்டர். ஆவூர்ப் பக்கம், டிப்ளமோ. அவனை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மூன்று தடவை எழுதியும் ஆகமாட்டேன் என்கிறான். லைட்டைத் தினமும் துடைக்கிறவன் எப்படி வில்லனாவான்?

பதினைந்து நாள் லைட், பதினைந்து நாள் பவுடர் என்று சோதனை நடந்தது. பவுடர் நாளில் அவனைக் கடைசிக் குழாய்க்குக் கூட்டிப் போனேன். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அவன் மூக்கை உடைப்பதுதான் என் திட்டம்.

"என்ன பெருசு, வாடை அடிச்சாத்தான் தண்ணின்னு ஒத்துக்குவீங்களா?"

"ஒன் லைட்டு வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்டா. என் பவுடரு கூடவே நடந்து வார ஆளு. பாரு இப்ப."

சொட்டு விட்டேன். குலுக்கினேன். வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

மஞ்சள் வரவில்லை.

"கூட நடந்து வந்தவரு பாதி வழியில படுத்துட்டாரு போல," என்றான் ஃபிரெடி. சிரித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சாக்கடைக்குள்ள போற பைப்பு பெருசு. எங்கயோ ஓட்டை. உள்ள வர்ற அழுக்கே மருந்தத் தின்னுருது. நீங்க இங்க வந்து பாத்ததே இல்லியா?"

இல்லை. முப்பத்தொரு வருஷமும் ராக்காயி டீக்கடைக் குழாயில்தான் பார்த்தேன். தொட்டியிலிருந்து நூறு அடி. மஞ்சள் வரும். டீயும் வரும். (இந்த இரண்டு வாக்கியத்தையும் கூட்டத்தில் வாசிப்பேனா, தெரியாது.)

5

அன்றைக்கே செவந்தியிடம் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் என் குட்டும் வெளிவரும்.

ஒரு மாசம் கழித்து, அதாவது நேற்றுக் காலையில், பார்க்கப் போனேன்.

"காய்ச்சுறியா?"

"அட, நீங்க சொன்ன அன்னையிலேருந்து குண்டான் குண்டானாக் காய்ச்சுறேன் சித்தப்பா. போலீசு மாதிரி கேக்குறீங்க."

சுகுணா சுவரில் சாய்ந்திருந்தாள். "மூணு நாளா சோறே எறங்கல தாத்தா. எதப் பாத்தாலும் குமட்டுது."

"பிள்ளத்தாச்சின்னா குமட்டத்தான் செய்யும்," என்றபடி செவந்தி அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை அரைச் செம்பு ஊற்றினாள். குடத்தைச் சாய்த்து மீதி அரைச் செம்பை நிரப்பினாள். "இந்தா, எதமா இருக்கு. குடி."

"என்ன ஊத்துன?"

"பச்சத்தண்ணி. வெளாவாமக் குடுத்தா நாக்கு வெந்துராதா?"

"எத்தன நாளா இப்புடி?"

"மொதல்லேருந்துதான். ஏன் சித்தப்பா? அதான் காய்ச்சுன தண்ணி கலந்துருக்குல்ல. அது இதுல இருக்குறதையும் கொன்னுறாதா?"

நான் செம்பைப் பிடுங்கிக் கீழே ஊற்றினேன். குடத்தில் இருந்தது மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற அதே கடைசிக் குழாய்த் தண்ணீர். காய்ச்சின தண்ணீரும் லைட் பட்ட தண்ணீரும் ஒரே ரகம். அப்போதைக்குச் சுத்தம், உள்ளே காவல் கிடையாது. இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சு என்று உத்தரவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

"கண்ணக் காட்டு ஆத்தா," என்றேன் சுகுணாவிடம். முப்பத்தொரு வருஷம் மஞ்சள் வராதா என்று தேடிய கண் இது. நேற்றுதான் வரக்கூடாது என்று பார்த்தது. அவள் இமையைக் கீழே இழுத்துக் காட்டினாள். வெள்ளையில்

(இந்த வாக்கியம் இவ்வளவுதான். எனக்குக் கண்ணில் புரை. என் கண்ணை நானே நம்புகிறதில்லை.)

6

ஃபிரெடிக்குப் போன் போட்டேன். எதுவும் கேட்காமல் ஆட்டோவோடு வந்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இன்றைக்குக் காலை பத்து மணிக்கு ரிசல்ட். இதை அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்பதே முக்கால்.

முடிவு ஒன்று: ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. பிள்ளையை வீணாய்ப் பயமுறுத்தினேன் என்று செவந்தி என்னை ஆட்டோ முழுக்கத் திட்டிக்கொண்டு வருகிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் திட்டு என்று கேட்கிறேன்.

முடிவு இரண்டு:

எழுதத் தெரியும். எழுத மாட்டேன்.

கூட்டத்துக்கு இதை ஃபிரெடி கொண்டுபோகட்டும். தொட்டியில் லைட்டும் வேண்டும், குழாய்க்குப் பவுடரும் வேண்டும், முதலில் அந்தப் பைப்பை மாற்றுங்கள். டீக்கடை வாக்கியத்தையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லிவிட்டேன். அவன் முழித்தான்.

"தாத்தா," என்கிறாள் சுகுணா. பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். "தண்ணி தாங்க. தொண்ட காயுது."

செவந்தி காய்ச்சிக் கொண்டுவந்த பாட்டில் காலி. அவள் சீட்டு வாங்குகிற வரிசையில் நிற்கிறாள். வராந்தா கோடியில் இரண்டு குழாய் இருக்கிறது. ஒன்று லைட் வைத்த மெஷின், பச்சைப் பொட்டு எரிகிறது. கண்ணாடியை யார் எப்போது துடைத்தார்களோ. இன்னொன்று சுவர்க் குழாய். குளோரின் வாடை இங்கே வரைக்கும் வருகிறது. எந்தப் பைப்பு வழியாக வருகிறதோ.

பாட்டிலைத் திறந்துகொண்டு நிற்கிறேன். எந்தக் குழாயைத் திறப்பது? சொல்லுங்கள். நம்புகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.