சார்ஜ் மட்டும் ஏறும் வயர்

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. வயது வரம்பு இருபத்தெட்டு. எனக்கு அடுத்த மாதம் இருபத்தெட்டு முடிகிறது. ரயிலில் போய்விடுகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"மாப்பிள்ளை புதுக் கார் வாங்கி நிறுத்தியிருக்கும்போது நீ ரயில்ல போனா அவருக்கு என்ன மரியாதை?"

அதனால் ஏழரை மணிக்கு அத்தானின் காரில் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார். அப்பா முன்னால், அக்காவும் நானும் பின்னால். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. அசைந்தால் சத்தம் போட்டது.

ஒன்றரை மணி நேரம் நேர்ச் சாலை. நகர எல்லையில் சாலை மூன்றாகப் பிரியும் இடத்தில் அத்தான் காரை ஓரங்கட்டினார்.

"இனிமே மேப் போட்டுக்கலாம். மாமா, இப்பப் பாருங்க. போன்ல வர்ற மேப் அப்படியே இந்த ஸ்கிரீன்ல வரும். எங்க திரும்பணும்னு அதுவே சொல்லும்."

"அடேயப்பா" என்றார் அப்பா.

அத்தான் ஒரு வெள்ளை வயரைக் காரில் செருகி, மறுமுனையைப் போனில் செருகினார். போனில் சார்ஜ் ஏறுகிற குறி வந்தது. கார்த் திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி செருகினார். மறுபடியும் அதே குறி, அதே வெறும் திரை.

எனக்கு வயரைப் பார்த்ததுமே சந்தேகம். மெல்லிசான, மட்டமான வயர். உள்ளே இரண்டே கம்பி இருக்கும். மின்சாரம் போகும், தகவல் போகாது. கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரி ஒரு வயரோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"அத்தான், அது சார்ஜ் மட்டும் ஏறுற வயர்னு நினைக்கிறேன்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்கிட்ட வேற வயர் இருக்கு."

"சார்ஜ் ஏறுதுல்ல? அப்ப வயர் நல்லாத்தானே இருக்கு? வயர் என்ன, பாதி வேலை பார்த்துட்டு லீவு போட்டுடுமா?" அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணு மாமா. எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சிடும்."

அப்பாவும் சிரித்தார். "நீ சும்மா இரு. மாப்பிள்ளைக்குத் தெரியாததா?"

என் கை பையின் ஜிப்பில் இருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்து அழுத்தினாள். என் பக்கம் திரும்பாமலே தலையை லேசாக ஆட்டினாள். அத்தானைத் திருத்துகிறவர்கள் திருத்திவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது அக்கா. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அத்தான் போனை அணைத்துப் போட்டார். காரை அணைத்துப் போட்டார். எதையோ அழித்தார், எதையோ புதிதாகச் சேர்த்தார். கடைசியில் ஷோரூம்காரருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், போனோட வந்த வயர்தானே?"

"பின்ன? பிளாட்பாரத்துலயா வாங்குவேன்?"

"அப்ப வண்டியைக் கொண்டு வாங்க சார், பார்த்துடலாம்."

"விக்கிற வரைக்கும்தான் இவனுங்க பின்னாடியே ஓடி வருவானுங்க" என்று போனை வைத்தார்.

மணி ஒன்பதே கால்.

"நான் என் போனைப் பார்த்து வழி சொல்லட்டுமா அத்தான்?"

"பின்சீட்டுல இருந்து ஒரு ஆளு வழி சொல்றதுக்கா இந்த மாடல் வாங்கினேன்? அஞ்சு நிமிஷம் பொறு."

அந்த ஐந்து நிமிஷம் ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. "சரி, நீயே சொல்லு" என்றார், எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. சொன்னேன். இரண்டு இடத்தில் நான் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

ஆய்வக வாசலை அடையும்போது பத்து இருபத்தைந்து. காவலாளி என் கடிதத்தை முழுசாகப் படித்தார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"பத்து மணிக்கே லிஸ்ட்டை மூடி மேல அனுப்பிட்டாங்கம்மா. இனிமே யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு."

அப்பா கெஞ்சினார். அத்தான் அதட்டினார். காவலாளி இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

அப்பா தள்ளிப் போய் அம்மாவுக்குப் போன் செய்தார். "உள்ள விடல. கார்ல ஏதோ கோளாறு. மாப்பிள்ளை பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்த்தாரு. இவதான் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக் கிளம்பியிருக்கணும்."

நானும் அக்காவும் மதில் நிழலில் நின்றோம்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்டி."

"வயசு முடிஞ்சிடும்க்கா."

அக்கா தரையைப் பார்த்தாள். "போனோட வந்த வயர் எங்க வீட்டு அலமாரியில பெட்டியோட இருக்கு" என்றாள். "அழுக்காயிடும்னு எடுத்து வைக்கச் சொன்னாரு. நான்தான் வச்சேன்."

"அப்ப ஷோரூம்காரர் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியே, என்ன ஆச்சு?"

நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் மெதுவாக. இரண்டாம் தடவை சொல்லாததற்கு அக்காவைக் காரணம் காட்டலாம். அவள் அத்தானைக் காட்டுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கமான வழிதான்.

அப்பா அங்கிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் சீக்கிரம் வாங்க. மாப்பிள்ளை எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பாரு?"