பொட்டலத்தின் பின்பக்கக் கையெழுத்து

ஆய்வகத்தில் அவளுக்கு 'நாலு முப்பத்தெட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள். அவள் முதுகைத் திருப்பினால் போதும். எல்லாம் ஒரு சண்டையால் வந்தது. உணவில் புரதம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து ஆறேகாலால் பெருக்குவார்கள். காளானுக்கு அந்தக் கணக்கு செல்லாது. காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது, வண்டின் ஓட்டில் இருக்கிற அதே சரக்கு. அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதமில்லை. ஆகவே 4.38ஆல்தான் பெருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"எல்லாரும் ஆறேகால்தான் போடுறாங்க. உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

"எல்லாரும் பொய் சொன்னா நானும் சொல்லணுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ராங்கிக்காரி.

அவளை ஏமாற்ற யாராலும் முடியாது, தம்பியைத் தவிர. அவளைவிட ஏழு வயது சின்னவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள், விடுவாளா? அவன் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு மணி நேரம் மலையேறி, மேல்காட்டில் காளான் பறித்து, காயவைத்துப் பொட்டலம் போட ஆரம்பித்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடமே நடத்தினாள். பச்சைக் காளானில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்தபின் மிஞ்சுவதில் புரதம், நார், பொட்டாசியம் எல்லாம் இருக்கும், கொழுப்பு பேருக்குத்தான். வெயில் பட்டால் வைட்டமின் டி கூடும். ஆனால் காளானுக்கு நல்லது கெட்டது தெரியாது. மண்ணில் கேட்மியம், ஈயம் இருந்தால் அதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

"கொதிக்க வெச்சா அதெல்லாம் போயிடுமாக்கா?" என்று கேட்டான்.

"உலோகம்டா. எங்க போகும்?" என்று சிரித்தாள். என்ன அறிவாகக் கேட்கிறான் என்று அன்றைக்கு ஒரே பெருமை.

சான்றிதழ் கொடுக்கப் பரிசோதிக்கும் மாதிரியை ஆய்வகத்து ஆள் நேரில் போய் எடுக்க வேண்டும் என்பது விதி. தம்பிதானே என்று, அவன் பையில் கொண்டுவந்ததையே வாங்கிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் விதி பேசுகிறவள் அங்கே வழுக்கிவிட்டாள். முடிவு தங்கமாக வந்தது. கேட்மியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டவில்லை. பொட்டலத்தின் பின்பக்கம் சான்றிதழ் குட்டியாக அச்சாகி, கீழே அவள் கையெழுத்தும் வந்தது. இரண்டு வருடத்தில் எல்லாக் கடையிலும் அந்தப் பொட்டலம்தான்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வேறொரு கம்பெனியின் காளானைப் பரிசோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அளவுப்பொடி தீர்ந்துபோயிருந்தது. அதனால் என்ன, தம்பியின் காளான் கணக்குதான் அவளுக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே. அதையே வைத்து ஓட்டினால் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆய்வகத்தைத் துடைத்துப் பெருக்கும் அக்கா, அன்று காலையில் வாங்கிய பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எடுத்துக்குங்க மேடம். உங்க கையெழுத்தப் பாத்துத்தான் வாங்குறேன். வாரத்துக்கு ரெண்டு தடவ எங்க வீட்டுல இதுதான்."

கேட்மியம் பதினாலு என்று வந்தது.

முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். குடுவை அழுக்காக இருக்கும், அமிலம் கெட்டிருக்கும் என்று எல்லாவற்றையும் மாற்றி மறுபடி செய்தாள். பதினாலு. மூன்றாம் முறையும் பதினாலு. ஈயமும் கூடவே எகிறியிருந்தது. வியாழக்கிழமை, வீட்டுச் சமையலறையில் இருந்த காளான் பாட்டிலிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனாள். அது தம்பி வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது, "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சதுக்கா" என்று கையோடு கொண்டுவருவது. அதில் கேட்மியம் முக்கால்தான் இருந்தது.

பாட்டில் சுத்தம், பொட்டலம் நஞ்சு. விவரம் தெரிந்தவள் அங்கேயே முடிவுகட்டியிருக்க வேண்டும். ஆனால் கூடப் பிறந்தவனாயிற்றே! வேலைக்கு வைத்த ஆட்கள் எங்கேயோ பறித்து அவன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கலாம், பாவம், அவனுக்கே தெரியாமலிருக்கலாம் என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். அவனுக்குத் தெரியாது என்றால் எல்லாவற்றையும் தாங்கிவிடலாம். அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாட்டில் காளானை மிளகு போட்டு வதக்கி மேசையில் வைத்தாள். மகளுக்கு அன்று பள்ளி அரை நாள்தான். மாமா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டில் தீந்துபோச்சுடா. கடையில உன் பொட்டலத்தையே வாங்கிட்டேன்" என்றாள்.

தம்பியின் கை அப்படியே நின்றது. "எனக்கு இன்னைக்குப் பசியில்லக்கா" என்று தட்டை ஓரமாகத் தள்ளினான். மகள் ஒரு கரண்டி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

வாயருகே போன கையை மாமா கப்பென்று பிடித்துவிட்டான்.

"வேணாம் பாப்பா. அத வைய்யி."

அவ்வளவுதான். மூன்று முறை ஓட்டிய இயந்திரம் சொல்லாததை அந்தக் கை சொல்லிவிட்டது. அடப்பாவி, தெரிந்தே செய்திருக்கிறான்!

"சாப்பிடு கண்ணு. அது மாமா குடுத்த நல்ல பாட்டில்தான்" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "எங்கடா பறிச்ச?"

அவன் தரையைப் பார்த்தான். "பழைய பேட்டரி ஃபாக்டரிக்குப் பின்னால. மரம் நட்டு வெச்சிருக்காங்கல்ல, மழ பெஞ்சா அங்க குவியுதுக்கா. கடக்காரங்க கேக்குற அளவுக்கு நான் எத்தன தடவ மலையேறுறது?"

"டெஸ்ட்டுக்குன்னு எனக்குக் கொண்டுவந்தது?"

"அது மேல்காட்டுதுதான்."

"கொதிக்க வெச்சா போயிடுமான்னு கேட்டியே, அப்பவே இந்த நெனப்புதானா?"

அவன் தள்ளிவைத்த தட்டைத் திருப்பிக்கொண்டே, "யாருக்கும் ஒண்ணும் ஆகலியேக்கா" என்றான்.

"இன்னைக்குத் தின்னா நாளைக்கா தெரியும்? கிட்னியில போய்ச் சத்தமில்லாம உக்காந்துக்கும்டா. வருஷக்கணக்குல சேரும். இதையும் நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்!"

"அதனாலதான் உன் வீட்டுக்கு ஒரு நாள்கூட அதக் குடுக்கல" என்று அழ ஆரம்பித்தான். "பாப்பாவுக்குக் குடுப்பனாக்கா? உனக்கு நான் துரோகம் பண்ணுவேனா?"

"பண்ணிட்டியேடா. தெரியாம எனக்கும் சேத்துக் குடுத்திருந்தீன்னா மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சு தனியா எடுத்து வெச்சு, நம்ப வெச்சுக் கழுத்த அறுத்துட்ட. எழுந்திரு. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அவன் போனபின் மகள் கேட்டாள், "மாமா ஏம்மா அழுதுட்டுப் போறாங்க?" அவனை இத்தனை வருடம் ஊட்டி வளர்த்த தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாம் போல அவளுக்கு இருந்தது.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள். மூன்று முடிவுகளையும் தலைமை ஆய்வாளர் மேசையில் வைத்து, மாதிரியை நேரில் எடுக்காதது தன் தப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் படித்துவிட்டு, "உன் வேலையே போயிடும்மா" என்றார். "போகட்டும் சார். எல்லாக் கடையிலேர்ந்தும் இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் ஃபோனை எடுத்தார்.

துடைக்கும் அக்கா தாழ்வாரத்தில் இருந்தார். அவருக்குத் தானே சொல்ல வேண்டும், வேறு யார் சொல்லியும் தெரியக் கூடாது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பொட்டலம், பேட்டரி ஃபாக்டரி, தம்பி, கிட்னிக்கு என்ன பரிசோதனை, எங்கே செய்யலாம், கூடவே தானும் வருவதாக, எல்லாம். அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி முழுசாகக் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு வருஷமா நீங்களும் இதத்தான் சாப்ட்டீங்களா மேடம்?"

நாலு முப்பத்தெட்டுக்கு இந்த அக்காவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லக்கா. எங்க வீட்டுக்கு நல்லது வந்துச்சு."

அக்கா அவளை ஒரு முறை பார்த்தார். தம்பியை அவள் பார்த்த அதே பார்வை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் துடைக்க ஆரம்பித்தார்.