வாக்கெடுப்பன்று வந்த காய்ச்சல்

"கையை வச்சுப் பாரு அக்கா, நெத்தி சுடுதா இல்லையா?"

அக்கா வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் குளித்துவிட்டு வந்த நெற்றி, சில்லென்று இருந்தது.

"சுடலையே தம்பி."

"சுடுதுன்னு சொல்லு. போன் வந்தா அதையேதான் சொல்லணும்." சட்டமன்ற உறுப்பினரான தம்பி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

இன்று சபையில் வாக்கெடுப்பு. கணவன் இறந்தபின் மனைவியை அவள் வாழ்ந்த வீட்டைவிட்டு யாரும் துரத்தக் கூடாது என்ற சட்டம். அவளுக்கென்றே எழுதினாற்போல் இருந்தது. அவள் கணவன் கண்ணை மூடிய மறுமாதமே கொழுந்தன் பூட்டை மாற்றிவிட்டான். கட்டிய புடவையோடு இங்கே வந்தவள், சமையலறையை ஒட்டிய அறையில் உடைந்த நாற்காலிகளோடு நாற்காலியாகக் கிடக்கிறாள். "கொஞ்சம் பொறு அக்கா, சட்டம் வரட்டும், சாவியை நானே வாங்கித் தர்றேன்" என்று மார்தட்டியவன் இதே தம்பிதான்.

"நீதானேப்பா மேடை மேடையா பேசினே?"

"பேசினேன், இல்லேங்கல. ஆதரிச்சு ஓட்டுப் போட்டா ஊர்ப் பெரிய கைங்க என்னை ஒழிச்சுக் கட்டிடுவாங்க. எதிர்த்துப் போட்டா பொம்பளைங்க சும்மா விடமாட்டாங்க. காய்ச்சல்னா யார் என்ன கேக்க முடியும்?"

போன் அடித்தது. கட்சிக் கொறடா. தம்பி மனைவி அதை எடுத்து அக்காவின் கையில் திணித்தாள். பார்த்த பார்வையே போதும்.

"காய்ச்சலுங்க... எழுந்திரிக்கவே முடியலைங்க" என்றாள் அக்கா. சொல்லாமல் என்ன செய்வாள்? படுக்க ஒரு இடம் வேண்டுமே. போனை வைத்துவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள்.

சாயங்காலம் தொலைக்காட்சியில் சொன்னார்கள், சட்டம் தோற்றுவிட்டது. அன்றைக்கென்று பார்த்துச் சட்டசபைக்கே சீக்கு வந்திருந்தது. ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு, இன்னொருவர் கார் பாதி வழியில் மக்கர் செய்துவிட்டதாம். ஆதரித்துப் பேசியவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கமே போகவில்லை.

"நான் என்ன எதிர்த்தா ஓட்டுப் போட்டேன்? போடவே இல்லையே" என்று தம்பி சட்டமாக உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவன் கொழுந்தன். கையில் பெரிய பழக்கூடை.

"உடம்பு எப்படி இருக்கு தலைவரே?"

"பரவாயில்ல, உக்காருங்க. அக்கா, டீ கொண்டா."

கொண்டுவந்து வைத்தாள்.

"சௌக்கியமா அண்ணி? இங்க எத்தனை நாள் இருப்பீங்க?" ஊருக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல் கேட்டான், அவளை அப்படி ஆக்கிய புண்ணியவான்.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனில் சொன்ன பொய்யை இங்கேயாவது துப்பிவிட வேண்டும்.

"தம்பிக்குக் காய்ச்சலே இல்லை. நேத்து முழுக்க நல்லாத்தான் இருந்தான்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

தம்பி மனைவி பல்லைக் கடித்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கொழுந்தன் மட்டும் ஆற அமர டீயை உறிஞ்சினான்.

"அது தெரியாமலா அண்ணி பழத்தோட வந்திருக்கேன்?"