வண்டிக்கான தண்ணீர்

மறையூர் சந்தனக் காடு முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அன்னமேரி அதைப் பார்க்காத மாதிரி இன்னும் இரண்டு வளைவு ஓட்டினாள். பார்க்காவிட்டால் தானாக இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. அடுத்த வளைவில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்து சீட்டில் மரியஜோசப் மூச்சுக்கு நடுவே சொன்னார்.

"ஓரங்கட்டு புள்ள. இனி ஓட்டினா இஞ்சின் போயிரும்."

காலமெல்லாம் மூணாறில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிய மனிதர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங் மனைவி கைக்கு வந்தது. வாரம் மூன்று நாள் அடிமாலி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன முறை போகும்போது ஒற்றைக்கொம்பன் யானை ஒன்று சாலையை மறித்துக்கொண்டு பொழுது சாயும்வரை நகரவில்லை. அன்றைய டயாலிசிஸ் அப்படியே தவறிப்போயிற்று. உடம்புக்குள் போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முகமும் காலும் ஊதிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடியே தூங்கினார். இன்றும் தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் ஜீவிதா சொல்லவில்லை. "எப்பிடியாச்சும் வந்துருங்க அக்கா" என்று மட்டும் போனில் சொன்னாள்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். சூடு முகத்தில் அடித்தது.

"ஃபேன் சுத்துதா?" உள்ளிருந்து அவர் கேட்டார்.

"சுத்துது."

"அப்ப தண்ணிதான் எங்கனயோ போவுது. அடி ஹோஸப் பாரு. மூடியத் தொறந்துறாத, மூஞ்சி வெந்துரும்."

குனிந்து பார்த்தாள். அடி ஹோஸின் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. விரல் சுட, ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினாள். ஒழுக்கு நின்றது. ஆனால் போன தண்ணீரை எதைக் கொண்டு நிரப்புவது? டிக்கியில் எப்போதும் கிடந்த தண்ணீர்க் கேனை எடுத்து வீட்டில் போட்டவளே அவள்தான். அவர் கண்ணில் தண்ணீர் படக்கூடாது; பட்டால் குடித்துவிடுவார். குடத்துக்கு மூடி, மூடிக்கு மேல் கல். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க ஒரு சின்ன டம்ளர். அவரிடமிருந்து ஒளித்து ஒளித்து, கடைசியில் வண்டிக்கும் இல்லாமல் செய்துவிட்டாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ் அவர்களுக்கு முன்பே போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. கை காட்டிய இரண்டு கார்களும் பாட்டு சத்தத்தோடு பறந்தன. அதே மாதிரி ஆட்கள் எறிந்துவிட்டுப் போன காலி பாட்டில்கள்தான் சரிவுக்குக் கீழே ஓடையோரம் நிறையக் கிடந்தன. மாசி வெயிலில் ஓடை நூலாக இளைத்திருந்தது. ஊறி வரும்வரை காத்திருந்து இரண்டு பாட்டில் நிரப்பி மேலே வந்தாள்.

"இது பத்தாது. இன்னும் ரெண்டு வேணும். இஞ்சின் ஆறட்டும், அதுக்குள்ள போயிட்டு வா."

பாட்டில்களை வெளியே வைத்தால் குரங்கு தட்டிவிடும். தயங்கியபடி டிரைவர் சீட்டில் வைத்தாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போ புள்ள. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

போனாள். அவ்வளவு சரிவையும் வேகமாக இறங்கி, வேகமாக ஏறினாள்.

சீட்டில் ஒரு பாட்டில் காலியாகக் கிடந்தது. அவர் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. உதடு பளபளத்தது.

"குடிச்சீங்களா?"

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் ஒரு வாய் நிறையத் தண்ணீர் குடித்ததில்லை என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"ருசியா இருந்துச்சு புள்ள" என்றார், குற்றம் செய்த குரலில். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

பழந்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினாள். மிஞ்சிய மூன்று பாட்டிலையும் ஊற்றினாள். மடக் மடக்கென்று அது குடித்தது. அவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்வரை நிரம்பவில்லை. மறுபடி இறங்கலாம் என்றால் அவர் மூச்சு ரோட்டுவரை கேட்டது.

"போதும், ஸ்டார்ட் பண்ணு. ஹீட்டரப் போடு, ஃபுல்லா. இஞ்சின் சூட்டக் கொஞ்சம் இங்க இழுத்துக்கிடும்."

"இந்த வெயில்லயா? உங்களுக்குத் தாகம் எடுக்குமேங்க."

"எடுக்கட்டும். வேர்த்தா நல்லதுதான். குடிச்சது அந்த வழியாவாச்சும் வெளிய போவட்டும்." சிரிக்கப் பார்த்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும். கியரைப் போட்டாள். ஹீட்டர் அனலை வாரி இருவர் மேலும் கொட்டியது. அவள் முதுகில் வேர்வை ஓடியது. தலையாறு தேயிலை தொலைவில் பச்சையாகத் தெரிந்தது. ஒரு கண் முள் மேல், ஒரு கண் அவர் மேல் வைத்து ஏற்றினாள். முள் சிவப்பைவிட்டு ஒரு கோடு இறங்கி நின்றது.

அவர் நெற்றி மட்டும் வேர்க்காமல் வறண்டே கிடந்தது.