கதவைத் திறக்காத கினு

ஒசாகாவில் உன்சுய் கதைப்பாட்டுப் பாடினால் கல்லும் அழும் என்பார்கள். அரங்கு வாசலில் செருப்பு வாங்கி வைப்பது என் வேலை. உள்ளே எழும் விம்மலை வைத்தே கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே பாட்டு. கோரோகிச்சி என்ற கொள்ளைக்காரன் கொட்டும் பனியில் தாய்வீட்டுக் கதவைத் தட்டி மன்றாடுவான்.

அவருக்கு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் மீட்டியவர் மனைவி கினு. வழக்கப்படி தட்டிக்குப் பின்னால் மறைந்துதான் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் உன்சுய் குடித்துவிட்டு விடிந்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார். மத்தியான ஆட்டத்தில், "அம்மா, கதவைத் திற" என்று பாடியவருக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று. அதையே திரும்பத் திரும்பப் பாடினார். தட்டிக்குப் பின்னாலிருந்து கினு பேசினார்.

"குடிச்சிட்டு விடிஞ்சப்புறம் வர்றவனுக்கு எந்தக் கதவும் திறக்காது. வாசல்லயே கெட."

உன்சுய் தட்டிப் பக்கம் திரும்பினார். "இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன். சத்தியம்."

"போன வாரமும் இதத்தான் சொன்னே."

அரங்கே தேம்பித் தேம்பி அழுதது. பெற்ற மனம் எப்படி நொந்திருந்தால் இப்படிப் பேசும் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் பழையபடி பாடப் போனவரை ஜனங்கள் விடவில்லை. தாய் பேசியே ஆகவேண்டும் என்றார்கள். தட்டியை எடுத்தால்தான் பேசுவேன் என்றார் கினு. எடுத்தார்கள். விளம்பரத்தில் அவர் பேரும் புருஷன் பேரளவுக்குப் பெரிதாக வந்தது.

உன்சுய்க்குத்தான் திண்டாட்டம். தினமும் ஊரறியச் சத்தியம் செய்தவருக்கு எந்தக் கடையிலும் ஒரு கிண்ணம் அரிசி மது கிடைக்கவில்லை.

"அண்ணே, என் பொண்டாட்டியும் அங்க உக்காந்து அழுதுட்டு வந்திருக்கா," என்றார் ஒரு கடைக்காரர். "உங்களுக்கு ஊத்துனா எனக்கு வீட்ல சோறு கெடையாது. டீ வேணா தரட்டுமா?"

டீ குடித்தே எண்பது வயதுவரை பாடினார். குரல் கெடவேயில்லை.

அவருக்குப் பிறகு அந்தப் பாட்டை எடுத்த ஜோடிகள் எல்லோரும் அந்த இடத்தில் சொந்தச் சண்டையையே போட்டார்கள். இன்றைக்கு எந்த வீட்டு விவகாரம் வெளியே வரும் என்று கேட்கவே கூட்டம் கூடியது. போன மாதம் பாடியவள் பெண். மீட்டியவர் அவள் புருஷன்.

"கதவைத் திற," என்று அவள் பாடினாள்.

"தெறந்துதாம்மா இருக்கு, வா," என்றார் அவர்.

கதை அங்கேயே முடிந்துவிட்டது. நான் அவசர அவசரமாகச் செருப்புகளை எடுத்து வைத்தேன்.